காற்று குறைகிறதா, குளிர் குறைகிறதா?

வணக்கம். காரைக்குடியில் 26 வருஷமாகக் கார் ஏசி வேலை பார்க்கிறவன் நான். எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று வானொலி நிலையத்தில் கேட்டார்கள். ஐஸ் என்றேன். இந்த வெயிலில் ஐஸா என்று சிரித்தார்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி வீட்டு வண்டி. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வரும்போதெல்லாம் மதுரை விமான நிலையம் போய்க் கூட்டி வரும். ஏறியதும் சில்லென்று இருக்கும். மேலூர் தாண்டினால் காற்று மெலியத் தொடங்கும். திருப்பத்தூர் வரும்போது காற்றை ஊதுகிற விசிறி, அதாவது புளோயர், அதன் சத்தம்தான் மிச்சம், முகத்தில் ஒன்றும் படாது. பிள்ளையார்பட்டியில் இறங்கிக் கற்பக விநாயகரைக் கும்பிட்டுவிட்டு அரை மணி கழித்து ஏறினால், பழையபடி ஜில்லென்று வீசும்! வீடு வரை ஒரு குறையும் இருக்காது.

"பிள்ளையார்தான் பாத்துக்கிறாருன்னு இருந்தேன் தம்பி. எத்தனை தடவை அவரையே தொந்தரவு பண்றது?" என்றார் ஆச்சி.

அதற்குள் மூன்று முறை கேஸ், அதாவது ஏசியைக் குளிர வைக்கிற வாயு, ஏற்றியிருந்தார்கள். இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது. கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீருவதற்கு? மூடின குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. இரண்டு மாதத்தில் குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைத் தேடாமல் கேஸ் ஏற்றுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. ஆச்சி வண்டியில் கசிவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு எதற்கு ஏற்றினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

சரி, நடந்தது என்ன? படம் போட்டுக் காட்ட முடியாது, அதனால் உங்கள் வீட்டுப் பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஃப்ரீசரில் பாளம் பாளமாக ஐஸ் கட்டுமே, அதேதான். டேஷ்போர்டுக்கு உள்ளே கூலிங் காயில் என்று ஒன்று இருக்கிறது. மெல்லிய அலுமினியத் தகடுகளை நெருக்கி அடுக்கினது. புளோயர் ஊதும் காற்று அதன் இடுக்கில் நுழைந்துதான் நம் முகத்துக்கு வரும். காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் காயிலில் வியர்த்து, ஒரு குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்டும். காயில் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனால் அந்த வியர்வை சொட்டாது, அப்படியே உறையும். இடுக்கெல்லாம் ஐஸ் அடைத்த பிறகு காற்று எந்த வழியில் வரும்?

அரை மணி நின்றால் ஐஸ் உருகிவிடுகிறது. பிள்ளையார் செய்தது அதுதான்! நானும் அவர் பக்தன்தான், தப்பாக நினைக்க வேண்டாம்.

பட்டறையில் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்று அனுப்பிவிடுவது இதனால்தான். ஐஸ் கட்ட நேரம் பிடிக்கும். நான் ஆச்சியோடு மதுரைக்கே போய்த் திரும்பினேன். பிள்ளையார்பட்டியில் நிறுத்தியபோது ஆச்சிதான் காட்டினார்: "வழியில டீக்கு நிறுத்துனப்ப ஒரு சொட்டு விழல. இங்க பாரு, குளம்." வண்டிக்கு அடியில் அவ்வளவு தண்ணீர். ஐஸ் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

நீங்களே பார்க்க ஒரு வழி இருக்கிறது. காற்று குறைந்ததும் ஏசி பட்டனை மட்டும் அணையுங்கள், புளோயர் ஓடட்டும். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் காற்று பழைய வேகத்துக்கு வந்தால் ஐஸ். மறுபடி சொல்கிறேன், ஏசி பட்டன் மட்டும். புளோயரை நிறுத்தாதீர்கள்.

ஏன் உறைகிறது? பெரும்பாலும் காரணம் காற்றோட்டம் குறைவதுதான். போதுமான காற்று படாவிட்டால் காயில் மேலும் மேலும் குளிர்ந்து உறையும். கிளவ் பாக்ஸுக்குப் பின்னால், உள்ளே வரும் காற்றின் தூசியை வடிகட்டுகிற கேபின் ஃபில்டர் இருக்கும். பல பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆச்சி வண்டி நிற்பது வேப்பமரத்தடியில். ஃபில்டரை உருவினேன்: காய்ந்த வேப்பம்பூ, இலைக்காம்பு, நம்ம ஊர்ச் செம்மண் தூசி எல்லாம் அப்பி, சாணி தட்டின வரட்டி மாதிரி இருந்தது. மாற்றினேன்.

ஆனால் ஐஸ் போகவில்லை! கொஞ்சம் தாமதமாகக் கட்டியது, அவ்வளவுதான். காயிலைத் தொட்டபடி ஒரு சின்ன சென்சார் இருக்கும். குளிர் உறைநிலையை நெருங்கினால், கேஸை அழுத்திச் சுற்ற விடுகிற கம்ப்ரசரைக் கட் பண்ணச் சொல்வது அதன் வேலை. அது காயிலில் இல்லை, தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. காயிலின் குளிரே தெரியாததற்கு எப்போது நிறுத்த வேண்டும் என்று எப்படித் தெரியும்? முந்தின வருஷம் அந்தக் காயிலைக் கழற்றிக் கழுவியது யார் தெரியுமா? எங்கள் பட்டறைதான். மாட்டும்போது சென்சாரைச் சொருக மறந்திருக்கிறோம். கூலி வாங்கவில்லை. ஆச்சி சீப்புச் சீடை கொடுத்து அனுப்பினார்.

கேஸ் குறைந்தாலும் ஐஸ் பிடிக்கும், அதையும் சொல்ல வேண்டும். 134ஏ என்ற வகை கேஸில், காயில் பக்கத்து அழுத்தத்தைக் காட்டுகிற லோ சைடு கேஜ் 28 பி.எஸ்.ஐக்குக் கீழே இறங்கினால் காயிலுக்குள் கேஸின் கொதிநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. காயிலின் ஒரு ஓரம் உறையும், மறு ஓரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கேஜ் மாட்டிப் பார்க்காமல், கசிவு தேடாமல் யாராவது கேஸ் ஏற்ற வந்தால் சாவியைக் கொடுக்காதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். நேரம் முடிந்ததாம். கேஸ் குழாய்க்குள் ஈரம் போய், காயிலுக்குள் கேஸை விடுகிற சின்னத் துவாரமான எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைவது பற்றி விரிவாக வைத்திருந்தேன். ஒரே வரி: காற்று நன்றாக வந்து குளிர் மட்டும் விட்டு விட்டுப் போனால் அது சந்தேகம், ஈரத்தை உறிஞ்சுகிற டிரையரை மாற்றி, குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்க வேக்கம் போடச் சொல்லுங்கள். இன்றைக்கு இரவு நீண்ட தூரம் போகிறவர்கள் புளோயரை ஒன்றில் வைக்காதீர்கள், குறைந்தது இரண்டில் வையுங்கள். வணக்கம்.