இந்தக் கோடு யாருடையது?

வணக்கம். பேச அழைத்த நிலையத்தாருக்கு நன்றி.

ஆம்ப்ளிஃபயர் அட்டைப்பெட்டியில் '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடி பாஸிலிருந்து உச்ச ட்ரெபிள் வரை எல்லாம் வரும் என்று அர்த்தம். அது பெரும்பாலும் '5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று ஊதிப் போட்ட விளம்பர எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கும்; இரண்டையும் ஒரே அளவுக்கு நம்பலாம். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாதவரை அந்த எண்களுக்குப் பொருளே இல்லை. 20 ஹெர்ட்ஸில் சத்தம் பத்தில் ஒரு பங்காகத் தேய்ந்து போயிருந்தாலும் 'வருகிறதே' என்று சாதித்துவிடலாம். 3 டெசிபலுக்குள் என்று சேர்த்துப் போட்டிருந்தால்தான் பேச்சு. 3 டெசிபல் இறங்கினால் வோல்டேஜ் 100க்கு 71 ஆகிறது, பவர் பாதியாகிறது.

சரி, போட்டிருப்பது உண்மையா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? முடியும். ஒரே அளவுள்ள சிக்னலை அடி பாஸிலிருந்து உச்ச ட்ரெபிள் வரை கொடுத்துக்கொண்டே போக வேண்டும். வெளியே வருவதும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ் என்பது இவ்வளவுதான். கலிஃபோர்னியாவில் ஒரு கார் ஷெட்டில் ஹியூலெட்டும் பேக்கார்டும் தொடங்கிய கம்பெனியின் முதல் சரக்கே இந்த வேலைக்கான ஆடியோ ஆஸிலேட்டர், அதாவது சிக்னலை உண்டாக்கும் கருவிதான். அடுத்த மாடலில் எட்டு ஆஸிலேட்டர்களை வால்ட் டிஸ்னியின் ஸ்டூடியோ வாங்கியது. அந்தக் காலத்தில் டயலைத் திருப்பி, மீட்டரைப் படித்து, கிராஃப் தாளில் ஒவ்வொரு புள்ளியாக வைத்தார்கள். இன்று ஒரு யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டும் 'ரூம் ஈக்யூ விஸார்ட்' போன்ற இலவச மென்பொருளும் சில விநாடிகளில் கோட்டைப் போட்டுத் தந்துவிடுகின்றன. கோடு வருவது சுலபம். அது ஆம்ப்ளிஃபயருடைய கோடுதானா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மல்டிமீட்டர் போதாதா என்று பலர் கேட்பார்கள். எல்லோர் வீட்டிலும் இருக்கிற மலிவு 830 வகை மீட்டரில் ஏ.சி. ரேஞ்ச் 200 வோல்ட்டில்தான் தொடங்குகிறது. நாம் அளக்கப்போவதோ 2 வோல்ட். அதைவிட, அந்த ரேஞ்ச் சுமார் 400 ஹெர்ட்ஸ் வரைக்குமான கணக்கு. 10,000 ஹெர்ட்ஸில் அது காட்டும் எண் மீட்டரைப் பற்றிய செய்தி, ஆம்ப்ளிஃபயரைப் பற்றியது அல்ல. ஸ்பீக்கர் முன்னால் செல்போனை வைத்து அளப்பவர்களும் உண்டு. அப்போது ஸ்பீக்கர், அறைச் சுவர், போனின் மைக் எல்லாம் கலந்த ஒரு கூட்டுக் கோடுதான் கிடைக்கும்.

உதாரணத்துக்கு நம் அசெம்பிள் செட்களின் செல்லப்பிள்ளையான 4440 ஐ.சி.யையே எடுத்துக்கொள்வோம். ஸ்டீரியோவில் 12 வோல்ட் பக்கம் சப்ளை கொடுத்து, பக்கத்துக்கு 6 வாட் என்று சான்யோ கம்பெனி விற்ற ஐ.சி. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 8.2 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் இரண்டைப் பேரலலாகப் போடுங்கள், 4.1 ஓம் லோடு கிடைக்கும். அதில் 2 வோல்ட் வந்தால் கிட்டத்தட்ட ஒரு வாட். இந்த 2 வோல்ட்டை நேரே சவுண்ட் கார்டுக்குள் விடக் கூடாது. 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராகப் போட்டு, 1 கிலோ ஓமின் குறுக்கேயிருந்து எடுத்தால் பதினொன்றில் ஒரு பங்காகும். அதை சவுண்ட் கார்டின் லைன்-இன் ஜாக்கில் கொடுங்கள். லேப்டாப்பின் மைக் ஜாக் இதற்கு ஆகாது. அது மைக்குக்கென்று தானே ஒரு டி.சி. வோல்டேஜையும் அனுப்பும், சிக்னலையும் தாறுமாறாகப் பெருக்கும். 4440 ஏறத்தாழ 375 மடங்கு பெருக்குகிற ஐ.சி., அதனால் கார்டின் லைன்-அவுட்டிலிருந்து அதற்குள் போக வேண்டியது 5 மில்லிவோல்ட் சொச்சம்தான். வால்யூமை அடியில் வைத்துத் தொடங்குங்கள். பாஸ், ட்ரெபிள், லவுட்னஸ் எதுவும் குறுக்கே வரக் கூடாது. கம்ப்யூட்டரில் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்' இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கம்பெனிக்காரர் சேர்த்த பாஸை நீங்கள் ஆம்ப்ளிஃபயர் கணக்கில் எழுதுவீர்கள்.

ஒரு எச்சரிக்கை. அதே 4440ஐ, அதன் இரண்டு பக்கத்தையும் ஒரே ஸ்பீக்கருக்குச் சேர்க்கும் பிரிட்ஜ் முறையில், ஒற்றைச் சேனல் 19 வாட்டாகப் போட்ட போர்டுகள் கடைகளில் நிறைய. அதில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் சப்ளையில் பாதி வோல்டேஜ் நிற்கும். எந்த முனையும் கிரவுண்ட் அல்ல. சவுண்ட் கார்டின் கிரவுண்டை அதில் தொட்டால் அவுட்புட் ஷார்ட் ஆகும். சின்ன டிஜிட்டல் போர்டுகளிலும் பெரும்பாலும் இதே கதைதான். இப்படிப்பட்ட போர்டில் ஒரு முனையிலிருந்து மட்டும், நடுவில் ஒரு கெப்பாசிட்டர் போட்டு, முன்பு சொன்ன 10 கிலோ, 1 கிலோ ஓம் டிவைடருக்கு எடுத்து, கார்டின் கிரவுண்டைப் போர்டின் கிரவுண்டில் சேருங்கள்.

ஆம்ப்ளிஃபயரை இணைப்பதற்கு முன்னால் கார்டின் லைன்-அவுட்டையே லைன்-இன்னில் கொடுத்து ஒரு ஸ்வீப், அதாவது அடி பாஸிலிருந்து உச்ச ட்ரெபிள் வரை ஒரு ஓட்டம், ஓட்டுங்கள். நெய் வாங்கும்போது கடைக்காரர் வெறும் பாத்திரத்தை எடை போட்டுக் கழிப்பார் அல்லவா, அதே கணக்கு. மலிவான கார்டுகள் 20 ஹெர்ட்ஸ் பக்கம் தாமே சில டெசிபல் சரியும். அந்தக் கோட்டைச் சேமித்து, பிறகு வருவதிலிருந்து அதைக் கழிக்கும்படி மென்பொருளிடம் சொல்லுங்கள்.

இப்போது 4440இன் கோட்டைப் பாருங்கள். நடுவில் நேராகப் போகும், பாஸ் இருக்கும் இடது பக்கம் சரியும். அந்தச் சரிவுக்குப் பெரிய காரணம் ஸ்டீரியோ போர்டில் ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கும் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். 4 ஓம் லோடோடு அது சேர்ந்தால் 40 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் போய்விடும். 20 ஹெர்ட்ஸில் 7 டெசிபல். மற்ற கெப்பாசிட்டர்களும் கொஞ்சம் தின்னும். 1000ஐ எடுத்துவிட்டு 2200 போட்டால் அந்த 40 என்பது 18 ஆக இறங்கும். மாற்றி, மறுபடி ஓட்டி, இரண்டு கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வீட்டில் செய்யும் அளவைகளில் எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் ஸ்விட்ச் போடும்போது ஸ்பீக்கரில் வரும் 'டப்' கொஞ்சம் பலமாகும். உங்களுடையது நாலு இஞ்ச் ஸ்பீக்கராக இருந்தால் இந்தச் செலவே வீண், அது 40 ஹெர்ட்ஸை எப்படியும் பாடப்போவதில்லை.

அப்புறம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு ஸ்பீக்கரை மாட்டி ஒரு முறை. ஸ்பீக்கர் எல்லா இடத்திலும் 4 ஓம் அல்ல. தன் ரெசனன்ஸில், அதாவது அது தானாகவே அதிகம் அதிரும் ஃப்ரீக்வென்சியில், பல மடங்கு ஏறும். அந்த இடத்தில் கோடு வளைந்தால் ஆம்ப்ளிஃபயரும் கெப்பாசிட்டரும் அந்த ஸ்பீக்கரோடு எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்பது தெரியும்.

வலது பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். விநாடிக்கு 44,100 சாம்பிள் எடுத்து ஓடும் கார்டுக்கு 22,000 ஹெர்ட்ஸ் சொச்சத்துக்கு மேல் கண் தெரியாது. சிக்னலே இல்லாமல் ஐ.சி. கொதித்தால், அது காதுக்கு எட்டாத உயரத்தில் தானாகவே சிக்னல் உண்டாக்கி ஆஸிலேட் ஆகிறதோ என்று சந்தேகப்படுங்கள். அதற்கு அலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்தான் வேண்டும்.

கோட்டைச் சேமிக்கும்போது லோடு ஓம், வோல்ட், தேதி மூன்றையும் பெயரிலேயே எழுதிவையுங்கள். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் சூட்டில் காய்ந்து மதிப்பு குறையக் குறைய இடது சரிவு மெல்ல வலப்பக்கம் நகரும். சில வருடம் கழித்து மறுபடி ஓட்டினால், கெப்பாசிட்டரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று காதுக்குத் தெரியும் முன்பே பழைய கோடு சொல்லிவிடும்.

நன்றி, வணக்கம்.