மழையில் விளைந்த தக்காளிக்கு மார்க் போடுவது

நேயர்களுக்கு வணக்கம். வெயில் காலத்துத் தக்காளியைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசிவிடலாம், அதனால் நான் மழைக்காலத் தக்காளியை எடுத்துக்கொண்டேன். ஒரு இரகத்தின் யோக்கியதை மழையில்தான் வெளுக்கும். விதைப் பாக்கெட்டில் 'அபார ருசி' என்று போட்டிருக்கிறதே, அது நல்ல வெயிலில், தண்ணீர் தேங்காத மண்ணில் விளைந்த பழத்தைத் தின்றுவிட்டு எழுதியது. நாலு நாள் அடைமழைக்குப் பிறகு அதே பழம் சப்பென்று இருந்தால் இரகத்தைக் குறை சொல்வதா, மழையைக் குறை சொல்வதா?

மழை என்ன செய்கிறது என்று பாருங்கள். காய்ந்து கிடந்த மண் திடீரென்று நனைந்ததும் வேர் தண்ணீரை வாரிக் குடிக்கிறது, அது நேராகப் பழத்துக்குப் போகிறது, பழம் உள்ளிருந்து உப்புகிறது. பழுக்க ஆரம்பித்த தோலோ அவ்வளவு விரியாது. விளைவு, வெடிப்பு. காம்பைச் சுற்றி வளையமாக விழும் கீறல் பெரும்பாலும் காய்ந்து வடுவாகிவிடும், அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுத் தின்னலாம். காம்பிலிருந்து கீழே ஓடும் கீறல் மோசம், ஆழமாக இறங்கும், ஈ மொய்க்கும், ஒரே நாளில் புளித்த வாடை வந்துவிடும். வெடிக்காமல் தப்பிய பழத்திலும் தண்ணீர் ஏறிச் சர்க்கரை நீர்த்துப்போகிறது. பற்றாக்குறைக்கு மேகமூட்டம் வேறு, இலைக்கு வெயில் கிடைக்காவிட்டால் சர்க்கரை எங்கிருந்து வரும்?

அதனால் மழைக்காலத்துக்குச் சின்னப் பழ இரகங்கள்தான் என்பது என் கட்சி. பிராண்டிவைன் மாதிரி உள்ளங்கை நிறைகிற இளஞ்சிவப்புப் பழம் காய்த்துப் பழுக்கவே மூன்று மாதம் பக்கம் ஆகிவிடும், அதற்குள் நோயோ வெடிப்போ அதை முந்திக்கொள்ளும். ருசியில் அதை மிஞ்ச ஆளில்லை என்பார்கள், சரி, இருக்கட்டும், வெயிலில் வையுங்கள். சின்னதாக இருந்தால் மட்டும் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஆரஞ்சு நிறத்தில் சன்கோல்டு என்று ஒரு செர்ரி தக்காளி இருக்கிறது, தேன் மாதிரி இனிப்பு, ஆனால் தோல் அவ்வளவு மெல்லிசு, ஒரு மழைக்கே கொத்துக் கொத்தாக வெடித்துக் கிடக்கும். ஜூலியட் இதற்கு நேர் எதிர். நீள்வட்டமான பழம், தடித்த தோல், மழையில் அசையாது. ருசி முதல் தரம் இல்லை, ஆனால் கைக்கு முழுசாக வந்து சேரும். இரண்டுக்கும் நடுவில் மவுண்டன் மேஜிக். வெடிப்பையும் தாங்கும், பின்பருவ இலைக்கருகலையும் தாங்கும், ருசியும் நன்றாகவே இருக்கும். ஒரே ஒரு செடிக்குத்தான் இடம் இருக்கிறது என்றால் நான் அதைத்தான் வைப்பேன்.

பின்பருவ இலைக்கருகல் என்றேன் இல்லையா, 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்ததும் இதே கிருமிதான். குளிர்ச்சியும் ஈரமும் சேர்ந்து இலை மணிக்கணக்கில் நனைந்தே கிடந்தால் வரும். இலையில் எண்ணெய் பட்டதுபோலக் கருமையான திட்டு, அடியில் வெள்ளைப் பூஞ்சணம், ஒரு வாரத்தில் செடியே கருகிவிடும். மழையோடு வெப்பமும் இருக்கிற இடங்களில் தொல்லை வேறு, பாக்டீரியா வாடல். காலையில் பச்சையாக நின்ற செடி ஓர் இலைகூட மஞ்சளாகாமல் துவண்டு தொங்கும். சந்தேகமாக இருந்தால் தண்டின் அடிப்பகுதியில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து அதில் நுனி படும்படி பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் மாதிரி ஒரு இழை இறங்கினால் அதேதான். அந்தச் செடியை வேரோடு எடுத்துவிடுங்கள், அந்த மண்ணில் கத்தரி, மிளகாய் எதையும் உடனே வைக்காதீர்கள். இதற்காகவே இந்த வாடலைத் தாங்குகிற கத்தரி இரகமாகப் பார்த்து அதன் வேர்மேல் தக்காளியை ஒட்டுக் கட்டுகிறார்கள், தண்ணீர் தேங்கினாலும் தக்காளி வேரைவிடக் கத்தரி வேர் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும்.

மற்ற வேலைகள் தெரிந்தவைதான்: மேட்டுப்பாத்தி, மண்ணின் மேல் மூடாக்கு, தரையைத் தொடும் அடி இலைகளைக் கிள்ளிவிடுவது, மண் தெறித்தால்தானே நோய் ஏறும். ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஈரக் காற்றில் மகரந்தம் கட்டிக்கொண்டு உதிராது, மழையில் தேனீயும் வராது, பூ நிறைய இருக்கும், பிஞ்சு இருக்காது. மழை விட்ட நேரமாகப் பார்த்துப் பூங்கொத்தை விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள், போதும்.

இப்போது பறிப்பது. மழை வரும்போல இருந்தால் செங்காயாகவே பறித்துவிடுங்கள். அடிப்பக்கம் லேசாக நிறம் திரும்பியிருந்தாலே போதும், மீதியை அது தானே பழுத்துக்கொள்ளும். கொடியில் பழுத்ததுதான் ருசி என்று சாதிப்பவர்கள் உண்டு, நல்ல வெயிலில் நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் மழையில் கொடியில் விட்டால் கிடைப்பது வெடித்த பழமோ தண்ணீர்ப் பழமோதான். பறித்ததை ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். குளிரில் மணம் தரும் பொருள்களை உண்டாக்கும் மரபணுக்கள் அடங்கிப்போகின்றன, வெளியே எடுத்து வைத்தாலும் அந்த மணம் முழுசாகத் திரும்புவதில்லை என்று 2016இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

ருசி பார்க்கும்போது பழத்தைக் குறுக்கே வெட்டுங்கள், முதல் துண்டுக்கு உப்பு வேண்டாம். சதையைத் தனியாக, விதையைச் சுற்றியுள்ள கூழைத் தனியாக நாக்கில் வையுங்கள். தக்காளிக்கு ருசியை ஏற்றுகிற குளூட்டமேட் கூழில்தான் அதிகம், புளிப்பும் அங்கேதான். விதையை வழித்து எறிபவர்கள் பாதி ருசியை எறிகிறார்கள். அப்புறம், கண்ணைக் கட்டிக்கொண்டு தின்று பாருங்கள். மஞ்சள் தக்காளி புளிக்காது என்று நாம் எல்லாரும் நம்புகிறோம், நிறம் தெரியாதபோது பலருக்கு அந்த வித்தியாசம் பிடிபடுவதில்லை. கிரீன் ஸீப்ரா என்ற வரிப்பழம் பழுத்தும் பச்சையாகவே இருக்கும், வரிகளுக்கு நடுவே மஞ்சள் ஏறி, அழுத்தினால் கொஞ்சம் அமுங்கும், அதுதான் அடையாளம், நல்ல புளிப்பு. இளஞ்சிவப்புப் பழத்தின் தோலை உரித்து வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடிபோல நிறமில்லாமல் இருக்கும், சிவப்புப் பழத்தின் தோலோ மஞ்சளாக இருக்கும், இரண்டின் சதையும் ஏறக்குறைய ஒரே சிவப்பு. நிறத்தை நம்பி மார்க் போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

மார்க்கோடு கடைசி மழை என்றைக்குப் பெய்தது என்பதையும் எழுதிவையுங்கள். இரண்டு மூன்று காய்ந்த நாள்கள் கிடைத்ததும் அதே செடியிலிருந்து மறுபடி ஒரு பழம் எடுத்துத் தின்னுங்கள். அப்போது ருசி ஏறியிருந்தால் குற்றம் மழையுடையது, செடியை வைத்துக்கொள்ளலாம். அப்போதும் சப்பென்றே இருந்தால் அந்த இரகத்துக்கு அடுத்த பருவத்தில் இடம் தர வேண்டாம். மழையிலும் தேறிய பழத்திலிருந்து விதை எடுத்து வைக்கலாம், கூழோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டுக் கழுவி நிழலில் காயவையுங்கள். சன்கோல்டு, ஜூலியட், மவுண்டன் மேஜிக் மூன்றும் வீரிய ஒட்டு இரகங்கள், அவற்றின் விதையில் தாய்ச்செடியைப் போலவே வராது, அந்த விதையை மட்டும் ஒவ்வொரு முறையும் வாங்கித்தான் ஆக வேண்டும். நன்றி, வணக்கம்.