கருக்கலைப்பு மாத்திரை: சீட்டு எழுதும் முன்னும் பின்னும்

நேயர்களுக்கு வணக்கம்.

கருக்கலைப்பு மாத்திரை நம் ஊர் மருந்துக் கடைகளில் ஒரே அட்டையில் ஐந்து மாத்திரைகளாக வருகிறது. ஒன்று 200 மில்லிகிராம் மிஃபெப்ரிஸ்டோன். மீதி நான்கும் தலா 200 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டால். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. இந்திய விதிகளின்படி இந்த முறைக்கு வரம்பு 9 வாரம், அதாவது 63 நாள்.

அந்த 63 நாளை எங்கிருந்து எண்ணுவது? தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். "இருபது நாள் தள்ளிப் போயிருக்கு" என்று ஒரு பெண் சொன்னால் அது 20 நாள் கர்ப்பம் அல்ல. 28 நாள் சுழற்சிக்காரருக்கு 48 நாள். 35 நாள் தள்ளிப் போயிருந்தால் வரம்பைத் தொட்டாயிற்று. மாதவிலக்கு முறையில்லாமல் வருபவர், பால் கொடுக்கும்போதே மாதவிலக்கு திரும்பாமல் கருவுற்றவர் ஆகியோருக்கு இந்தக் கணக்கு உதவாது. ஸ்கேன்தான் வழி.

ஸ்கேனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கரு, கருப்பைக்குள் வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருந்தால் இந்த மாத்திரைகள் அதைக் கலைக்காது. ஆனால் இரத்தம் மட்டும் போகும். கலைந்துவிட்டது என்று நம்பி அந்தப் பெண் வீட்டிலேயே இருந்துவிடுவார். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஒருபக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை வலி, மயக்கம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஹீமோகுளோபின் 8 கிராமுக்குக் கீழே இருந்தாலோ, இரத்தம் உறையாத நோய் இருந்தாலோ, இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலோ, நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டு வந்தாலோ, அட்ரீனல் சுரப்பிக் கோளாறு இருந்தாலோ இந்த முறை வேண்டாம். கருப்பைக்குள் காப்பர்-டி (கருத்தடைச் சாதனம்) இருந்தால் முதலில் எடுத்துவிட வேண்டும். 18 வயது நிறைந்தவருக்கு அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதமே போதும். கணவர் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. அதைக் கேட்டுத் திருப்பி அனுப்புவது நாட்களை வீணாக்குவதுதான். 18 வயதுக்குக் கீழே என்றால் பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும்.

முதல் நாள் மிஃபெப்ரிஸ்டோனைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மற்ற நான்கையும் கன்னத்துக்கு இரண்டாக, பல் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே அரை மணி நேரம் அடக்கி வைத்து, மிச்சத்தை விழுங்க வேண்டும். ஐந்தையும் ஒரே வேளையில் போட்டுக்கொண்டால் மருந்து சரிவர வேலை செய்யாது. மிசோப்ரோஸ்டாலுக்கு ஈரம் ஆகாது. அட்டையிலிருந்து பிரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்த மாத்திரையை நம்ப முடியாது. வலிக்கு இபுப்ரோஃபென் 400 மில்லிகிராம் எடுத்துக்கொள்ளலாம்; அது கலைப்பைத் தடுக்காது.

மிசோப்ரோஸ்டால் எடுக்கும் அன்று குளிர் நடுக்கம், இலேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு வருவது மருந்தின் வேலைதான். இரத்தப்போக்கு மாதவிலக்கைவிட அதிகமாக, கட்டி கட்டியாகப் போகும். எவ்வளவு போனால் அதிகம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டும்: ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின் முழுக்க நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறுநாளும் காய்ச்சல் விடாமல் இருந்தாலும், நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல் வந்தாலும் அப்படியே. மாறாக, நான்கு மாத்திரைக்குப் பின் 24 மணி நேரம் ஆகியும் இரத்தமே வரவில்லை என்றாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

15ஆம் நாள் மறுபரிசோதனை. சிறுநீர்ப் பரிசோதனை 4 வாரம் வரைகூட பாசிட்டிவ் காட்டலாம். அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஸ்கேனில் கருப்பையின் உட்சவ்வு தடிப்பாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் கருப்பையைச் சுத்தம் செய்வதும் தேவையில்லாத வேலை. இரத்தப்போக்கும் வலியும் குறைந்துவருகிறதா என்று பார்த்தால் போதும். கர்ப்பம் தொடர்கிறது என்றால் அது வேறு. மிசோப்ரோஸ்டால் குழந்தையின் கை கால்களையும் முக நரம்புகளையும் பாதிக்கலாம் என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லி, கருப்பையைச் சுத்தம் செய்யும் முறையைப் பற்றிப் பேச வேண்டும்.

அடுத்த கருமுட்டை 10 நாளுக்குள்ளேயே வெளிவரலாம். ஆகவே கருத்தடை மாத்திரையை மிசோப்ரோஸ்டால் எடுக்கும் அன்றே தொடங்கலாம். காப்பர்-டி வேண்டும் என்பவருக்கு, முழுவதும் கலைந்தது உறுதியான பின் அந்த 15ஆம் நாள் வருகையிலேயே போட்டுவிடலாம்.