ஒரே குடுவையில் ஒரு மருந்து

வணக்கம். திருகோணமலை உவர்மலையிலிருந்து பேசுகிறேன். உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் பிள்ளைகள் பலர் இந்த அலைவரிசையைப் பார்க்கிறார்கள். ஆகவே சேதன இரசாயனத்தில் நான் மிகவும் மதிக்கும் ஓர் ஆய்வுத் துறையை, அதாவது மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தாக்கிகளை ஒரே குடுவையில் சேர்த்து ஒரே விளைபொருளைப் பெறும் பல்கூறுத் தாக்கங்களை, இன்று எடுத்துக்கொள்கிறேன்.

ஐந்து படிகளில் ஒரு மூலக்கூறைக் கட்டுகிறோம், ஒவ்வொரு படியிலும் 80 சதவீத விளைவு கிடைக்கிறது என்று வையுங்கள். முடிவில் எஞ்சுவது ஏறத்தாழ 33 சதவீதந்தான். இடையில் வடித்தும் கழுவியும் தூய்தாக்கியும் கொட்டிய கரைப்பான் இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

இப்போது நிபெடிப்பினைப் பாருங்கள். உயர் இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் குளிசை அது. 1880களின் தொடக்கத்தில் ஜேர்மனியரான ஆர்தர் ஹான்ட்ஷ் கண்ட தாக்கமே அதன் தயாரிப்புக்கு அடிப்படை. 2-நைத்திரோபென்சல்டிகைட்டு ஒரு மூலக்கூறு, மெதைல் அசற்றோஅசற்றேற்று இரண்டு, அமோனியா ஒன்று. அசற்றோஅசற்றேற்று மூலக்கூறுகளில் ஒன்று அல்டிகைட்டுடன் ஒடுங்கி இரட்டைப் பிணைப்பொன்றை உண்டாக்குகிறது. மற்றையது அமோனியாவுடன் சேர்ந்து ஈனமைன் என்னும் நைதரசன் சேர்வையாகிறது. பின்னர் இவ்விரண்டும் இணைந்து, ஆறு அணுக்கள் கொண்ட வளையமாக மூடிக்கொள்கின்றன. தாக்கிகளின் மூலக்கூற்றுத் திணிவுகளைக் கூட்டினால் 151, 232, 17 ஆக மொத்தம் 400. வெளியேறுவது மூன்று நீர் மூலக்கூறுகள், அதாவது 54. மிகுதி 346 முழுவதும் மருந்து! அமெரிக்க இரசாயனவியலாளர் பரி ட்ரொஸ்ட் 1991இல் அணுச் சிக்கனம் என்று வலியுறுத்தியது இதைத்தான், அதாவது தாக்கிகளின் மொத்தத் திணிவில் எத்தனை சதவீதம் வேண்டிய விளைபொருளாகிறது என்பதை.

ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுச் சூடாக்கினால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே குடுவையில் வேண்டாத சேர்க்கைகளும் நிகழக்கூடும். வேண்டிய பாதையை மற்றவற்றைவிட விரைவாக்குவதே ஊக்கியின் பணி. என் பார்வையில் இத்துறையின் உண்மையான உழைப்பு ஊக்கியைத் தெரிவதில்தான் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் ஜேர்மன் இரசாயனவியலாளர் பெஞ்சமின் லிஸ்ட், அசற்றோன், அரோமற்றிக் அல்டிகைட்டு, அனிலீன் வகைச் சேர்வை ஆகிய மூன்றையும் புரோலீனின் துணையோடு மானிக் தாக்கத்தில் இணைத்து, ஆடி விம்பங்களான இரு வடிவங்களில் ஒன்றையே பெரும்பான்மையாகப் பெற்றார். புரோலீன் நம் உடற்புரதங்களிலேயே உள்ள அமினோ அமிலம். உலோகம் எதுவும் தேவைப்படவில்லை. மருந்து தயாரிப்பில் இது பெரிய வசதி, ஏனெனில் உலோக ஊக்கி பயன்பட்டால் அதன் எச்சத்தை மிக நுண்ணிய அளவுவரை நீக்கியாக வேண்டும். சேதன ஊக்கிகள் குறித்த ஆய்வுக்காக லிஸ்டும் டேவிட் மக்மிலனும் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். 1891இல் இத்தாலிய இரசாயனவியலாளர் பிஜினெல்லி செய்தது போல பென்சல்டிகைட்டு, யூரியா, எதைல் அசற்றோஅசற்றேற்று மூன்றும் சேரும்போது இரண்டு நீர் மூலக்கூறுகள் வெளியேறுகின்றன. திணிவுகள் முறையே 106, 60, 130. அணுச் சிக்கனத்தைக் கணித்துக் கீழே எழுதுங்கள். வழிமுறையையும் சேர்த்தே எழுதுங்கள்.