வேறு எதையோ செய்வதாகச் சொல்லாமல்

(முதுகலை வரலாறு மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பு மாணவ மாணவியரே, பேராசிரியப் பெருமக்களே,

1963ஆம் ஆண்டு. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம். வரலாற்றுத் துறையில் சேருவதற்கான நேர்காணலுக்கு ஒரு பெண் வந்திருக்கிறார். வயது 43, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். எதற்காக வரலாறு படிக்க வருகிறீர்கள் என்று கேட்கிறார்கள். பெண்களை வரலாற்றில் சேர்க்க வேண்டும் என்கிறார். அடுத்த நொடியே தன்னைத் திருத்திக்கொள்கிறார்: சேர்க்க வேண்டியதில்லை, அவர்கள் ஏற்கெனவே வரலாற்றில்தான் இருக்கிறார்கள். கேட்டவர்களுக்கு வியப்பு. பெண்கள் வரலாறு என்றால் என்ன என்று விளக்கம் கேட்கிறார்கள். அவர் நெடுநேரம் பேசிவிட்டு ஓர் ஆசையைச் சொல்லி முடிக்கிறார். இது எல்லா நிலைகளிலும் முறையான பாடமாக வேண்டும். வேறு எதையோ ஆராய்வதாகச் சொல்லிக்கொள்ளாமல், பெண்கள் வரலாறு என்ற பெயரிலேயே ஒருவர் முனைவர் பட்டம் வாங்க வேண்டும்.

அந்தப் பெண்ணின் பெயர் கெர்டா லெர்னர். அவர் சொன்ன கடைசிப் பகுதியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். முதல் பகுதி அழகானது, எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் ஒரு துறை வேர் பிடிப்பது அந்தக் கடைசிப் பகுதியில்தான். பட்டம், பாடத்திட்டம், நெறியாளர், உதவித்தொகை, நூலகத்தில் ஓர் அலமாரி. இவை இல்லாமல் எவ்வளவு பெரிய சிந்தனையும் ஒரு தலைமுறையோடு போய்விடும்.

லெர்னருக்கு முன்பே ஒருவர் முயன்றார். மேரி பியர்டு. கணவர் சார்லஸ் பியர்டுடன் சேர்ந்து அமெரிக்க வரலாற்று நூல்களை எழுதியவர். 1935இல் பெண்களின் ஆவணங்களைத் திரட்டுவதற்கென்றே உலக மையம் ஒன்றைத் தொடங்கினார். ஆவணம் இல்லையென்றால் வரலாறு இல்லை என்பது அவர் நிலைப்பாடு. பணம் சேரவில்லை, 1940இல் மையத்தை மூடிவிட்டார்கள். சேர்ந்த பெட்டிகள் ஆளுக்கொரு பக்கம் போயின. அவருக்குப் பின்னால் மாணவர்கள் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்று எழுதிய அவருடைய உழைப்பை எடுத்து நடத்த ஒரு வகுப்பறைகூட இல்லை. எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இது.

லெர்னர் எங்கிருந்து வந்தார்? 1920இல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938இல் ஆஸ்திரியாவை நாஜிகள் கைப்பற்றியபோது தந்தை எல்லை தாண்டித் தப்பிவிட்டார். தாயையும் மகளையும் பிடித்துச் சிறையில் போட்டார்கள். ஆறு வாரம். யூதர்களுக்கு அங்கே உணவைக் குறைத்துத்தான் கொடுப்பார்கள். அதே அறையில் அரசியல் கைதிகளாக இருந்த இரண்டு கிறிஸ்தவப் பெண்கள் தங்கள் பங்கிலிருந்து லெர்னருக்குக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்கா போனார். உணவு விடுதியில் பரிமாறினார், கடையில் விற்பனை செய்தார், எக்ஸ்ரே எடுக்கக் கற்றுக்கொண்டார். நாற்பதை ஒட்டித்தான் மீண்டும் கல்லூரிப் படி ஏறினார். இளங்கலை முடிக்கும் முன்பே, படித்துக்கொண்டிருந்த நியூ ஸ்கூலில் பெண்கள் வரலாறு பற்றி ஒரு வகுப்பையும் நடத்தினார்.

மூன்றே ஆண்டுகளில், 1966இல், முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வேடு கிரிம்கே சகோதரிகளைப் பற்றியது. தென் கரோலினாவில் அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, அந்த அடிமை முறையையே எதிர்த்து மேடை ஏறியவர்கள் அவர்கள். 1968இல் லெர்னர் நியூயார்க்கை அடுத்த சாரா லாரன்ஸ் கல்லூரியில் ஆசிரியர் ஆனார். 1972இல் அங்கே பெண்கள் வரலாற்றில் முதுகலைப் படிப்பைத் தொடங்கினார். அமெரிக்காவில் அந்தப் பெயரில் முதல் பட்டப்படிப்பு அதுதான். ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் நிதி கிடைத்தது. நிதி என்றதும் முகம் சுளிக்காதீர்கள். மேரி பியர்டின் மையம் மூடியது நிதி இல்லாமல்தான்.

இந்த இடத்தில் ஒரு சிறு நிகழ்ச்சியை விரிவாகச் சொல்ல வேண்டும். படிக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ அசைகிறது.

ஜோன் கெல்லி என்றொரு வரலாற்றாசிரியர். ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலம் அவருடைய களம். சாரா லாரன்ஸில் பெண்கள் வரலாறு கற்பிக்க ஆள் தேடிய லெர்னர் அவரை அணுகினார். நான் மறுமலர்ச்சிக் காலத்தைப் படிப்பவள், பெண்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை என்று கெல்லி பதில் சொன்னார். லெர்னர் விடவில்லை, வாதாடினார். கெல்லி வீட்டுக்குப் போய், தான் காலமெல்லாம் கற்பித்ததையே மீண்டும் எண்ணிப் பார்த்தார். அவருடைய பார்வை முழுவதும் கலைடாஸ்கோப்பைச் சுழற்றியதுபோல் மாறிவிட்டது. இத்தனைக்கும் புதிய புத்தகம் ஒன்றையும் அவர் படிக்கவில்லை. புதிய ஆவணம் எதுவும் கைக்குக் கிடைக்கவில்லை. அதே சான்றுகள், அதே ஓவியங்கள், அதே நகரங்கள். கேள்வி மட்டும் மாறியது.

1977இல் அந்தக் கேள்வி ஒரு கட்டுரையாக வந்தது: பெண்களுக்கு ஒரு மறுமலர்ச்சி இருந்ததா? அவருடைய விடை, இல்லை. அரசும் சொத்தும் புதிய வடிவம் எடுத்த அதே காலத்தில், மேல்தட்டுப் பெண்களுக்கு முன்பு இருந்த சுதந்திரமும் சுருங்கியது என்று காட்டினார். அவர் எடுத்துக்கொண்டது இத்தாலிய உயர்குடிப் பெண்களைத்தான், எல்லாப் பெண்களையும் அல்ல. அந்த வரம்பைச் சொல்லிப் பிறகு வந்தவர்கள் மறுத்தும் எழுதியிருக்கிறார்கள், அது நல்லதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாடப்புத்தகத்தில் ‘மறுமலர்ச்சிக் காலம்’ என்று தலைப்புப் போட்டு நாம் வெட்டி வைத்திருக்கும் துண்டு யாருடைய அனுபவத்தை வைத்து வெட்டியது என்ற கேள்வி அதற்குப் பிறகு எல்லாக் காலப்பகுதிகளுக்கும் வந்துவிட்டது. 1982இல், ஐம்பத்து நான்கு வயதில், கெல்லி மறைந்தார். இன்னும் இருபது ஆண்டு அவர் இருந்திருக்கக் கூடாதா என்று இன்றும் நினைக்கிறேன்.

லெர்னர் 1975இல் எழுதிய இன்னொன்றும் உங்களுக்குப் பயன்படும். பெண்கள் வரலாறு எழுதத் தொடங்குபவர் முதலில் செய்வது விடுபட்ட பெரிய பெண்மணிகளைத் தேடிப் பட்டியலிடுவது என்றார். அடுத்த படி, இந்த இயக்கத்தில் பெண்களின் பங்கு, அந்தப் போராட்டத்தில் பெண்களின் பங்கு என்று எழுதுவது. இரண்டும் தேவைதான். ஆனால் இரண்டிலும் அளவுகோல் ஆண்களுடையது என்றார். நம் கல்லூரிகளில் வருகிற ஆய்வேடுகளை நினைத்துப் பாருங்கள். வேலு நாச்சியார், முத்துலட்சுமி ரெட்டி, பிறகு ‘விடுதலைப் போரில் பெண்களின் பங்கு’. நானும் அப்படி ஒன்றை எழுதித்தான் பட்டம் வாங்கினேன். அதில் வெட்கமில்லை. அங்கேயே நின்றுவிட்டால்தான் குறை.

அடுத்த தடை காப்பகங்களில் இருந்தது. பெண்களின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் அழியவில்லை, பெட்டிகளுக்குள்தான் கிடந்தன. பெட்டியின் மேல் கணவர் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தது. அட்டவணையைப் பார்த்தால் பெண் இல்லை, பெட்டியைத் திறந்தால் இருக்கிறாள். இதற்காக மினசோட்டா பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து நாடு முழுவதும் காப்பகம் காப்பகமாக ஒரு கணக்கெடுப்பு நடந்தது. 1979இல் அது நூலாக வந்தபோது சுமார் 18,000 ஆவணத் தொகுப்புகள் அதில் இடம்பெற்றன. ஆதாரமே கிடையாது என்று மாணவிகளைத் திருப்பி அனுப்பியவர்களுக்கு அதைவிட நல்ல பதில் வேண்டியதில்லை.

இது நமக்கு அந்நியமான கதை அல்ல. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எழுதப் போனபோது, பல வடமாநிலங்களில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னார் மனைவி, இன்னார் தாய் என்று மட்டும் பதிவாயினர். சொந்தப் பெயர் இல்லாத பதிவு செல்லாது என்று தேர்தல் ஆணையம் முடிவு செய்தது. ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

என் பாட்டியின் பத்திரம் ஒன்று என்னிடம் இருக்கிறது. பிறந்த வீட்டில் கொடுத்த அரைக் காணி நிலத்தை விற்ற கிரயப் பத்திரம். பாட்டி பெயருக்குப் பக்கத்தில் க/பெ என்று போட்டுத் தாத்தா பெயர். தொழில் என்ற இடத்தில் வீட்டு வேலை. கீழே நீல மையில் இடது பெருவிரல் ரேகை. அந்த ரேகையை உற்றுப் பார்த்தால் நடுவில் கோடுகள் அறுபட்டிருக்கும். நாற்பது வருடம் நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்துத் தேய்ந்த விரல் அது. பத்திரத்தின் எழுத்து ஒன்று சொல்கிறது, அதன் கீழே இருக்கும் ரேகை வேறொன்று சொல்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆய்வேடு இருக்கிறது.

மறுபடியும் அமெரிக்காவுக்கு வருகிறேன். 1980இல் லெர்னர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கே பெண்கள் வரலாற்றில் முனைவர் பட்டப் படிப்பை நிறுவினார். நேர்காணலில் சொன்ன ஆசை பதினேழு ஆண்டுகளில் கைகூடியது. 1981இல் அமெரிக்க வரலாற்றாசிரியர்கள் அமைப்பின் தலைவரானார். 2013 ஜனவரியில், 92 வயதில் மறைந்தார். அவர் ஒருவரே எல்லாவற்றையும் செய்தார் என்று சொல்லமாட்டேன். 1970இலேயே சான் டியேகோவில் பெண்ணியல் படிப்பு வந்துவிட்டது. 1973இல் பெர்க்‌ஷயர் என்ற பெண்கள் வரலாற்று மாநாடு கூடியபோது அமைப்பாளர்கள் நினைத்ததைவிட மிக அதிகமானவர்கள் வந்து குவிந்தார்கள். தெருவில் பெண்கள் இயக்கம் நடந்துகொண்டிருந்தது. வகுப்பறைக் கதவை உள்ளிருந்து திறந்துவிட்டவர்களில் அவர் முன்வரிசை.

இந்தியாவில் வழி வேறு. 1974இல் வந்த ‘சமத்துவத்தை நோக்கி’ என்ற அரசுக் குழு அறிக்கைதான் இங்கே திருப்பம். அதே ஆண்டு பம்பாயில் எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மையம் வந்தது, 1984இல் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். இங்கே பெண்ணியல் பெரும்பாலும் தனி மையங்களாக வளர்ந்தது. வரலாற்றுத் துறைகள் அதைப் பக்கத்து வீட்டு விவகாரமாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டன என்பது என் வருத்தம். இந்தக் கட்டடத்திலும் அப்படித்தான்: பெண்ணியல் மையம் மாடியில், வரலாற்றுத் துறை கீழே.

போன வாரம் உங்களில் ஒரு மாணவி என்னிடம் வந்தாள். நடவுப் பெண்களின் கூலியைப் பற்றி எழுத ஆசை, ஆனால் படிவத்தில் ‘வேளாண் பொருளாதாரம் – ஒரு பார்வை’ என்று எழுதியிருக்கிறேன், அப்படி எழுதினால்தான் குழுவில் ஒப்புக்கொள்வார்கள் என்றாள். 1963இல் கொலம்பியாவில் லெர்னர் சொன்னதை நான் அவளுக்குச் சொன்னேன். தலைப்பை ஒப்படைக்க வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது. படிவத்தை அடித்துத் திருத்த வேண்டியவர்கள் என் அறைக்கு வாருங்கள். வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் கையோடு கொண்டுவாருங்கள். குழுவில் நான் பேசுகிறேன்.

நன்றி, வணக்கம்.