எடை பிரச்சினை இல்லை, காற்றுதான்: ஈசிஆரில் பைக்கில் சர்ஃப் போர்டு

வணக்கம் நண்பர்களே. சென்னைக்குத் தெற்கே, ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிற கோவளத்தில், கடற்கரைக்கு இறங்குகிற தெருவில் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசுகிறேன். இடையிடையே ஹாரன் கேட்கும், மீன் வண்டிகள் போகிற நேரம் இது.

இன்றைக்கு ஒரே விஷயம்தான். அலை மேல் நின்று சறுக்குகிற பலகை, அதுதான் சர்ஃப் போர்டு, அதை பைக்கில் எப்படிக் கொண்டுவருவது? 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்தது, நம் நாட்டு சர்ஃபர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அதற்குப் பிறகு சொந்தமாகப் போர்டு வாங்குகிற பசங்களை இங்கே நிறையப் பார்க்கிறேன். கார் உள்ளவர்கள் கூரையில் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வேளச்சேரியிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் வருகிற பசங்களிடம் இருப்பது ஸ்ப்ளெண்டரும் ஆக்டிவாவும்தான். கார் இல்லை என்பதற்காக யாரும் அலையை விட்டுவிடக் கூடாது என்பது என் ஆசை. அதே சமயம், இந்த ரோட்டில் யாரும் விழவும் கூடாது.

என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது போர்டை வண்டியின் பக்கத்தில் மாட்டுகிற ரேக்கைப் பற்றி. எங்கே வாங்கினீர்கள், என்ன விலை, எத்தனை கிலோ தாங்கும்? கிலோவை விடுங்கள். ஆறடிப் போர்டு மூன்று கிலோ வந்தாலே அதிகம். ஒரு தண்ணீர்க் கேன் தூக்கி வருகிற வண்டிக்கு அது ஒரு பாரமே இல்லை. பாரம் காற்றில் இருக்கிறது.

ஒரு கணக்கு சொல்கிறேன், தோராயமானதுதான். ஆறடிப் போர்டைப் பக்கவாட்டில் நிறுத்தினால் காற்றுக்குக் காட்டுகிற பரப்பு ஏறக்குறைய 0.7 சதுர மீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகக் காற்று அதில் நேராக அடித்தால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேலான தள்ளு. காற்று 40 ஆனால் ஆறு கிலோவை நெருங்கிவிடும். வேகம் இரட்டித்தால் தள்ளு நான்கு மடங்காகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். இது வண்டி நிற்கும்போது உள்ள கணக்கு. ஓட ஆரம்பித்துவிட்டால் போர்டு பாய்மரப் பாய் போல வேலை செய்கிறது. எதிர்க்காற்றும் பக்கக் காற்றும் சேர்ந்து சாய்வாக வந்து அதில் மோதும். அதனால் பக்கக் காற்று அதே 25-ஆக இருந்தாலும், நீங்கள் 60-இல் போகும்போது வருகிற தள்ளு நிற்கும்போது வருவதைப் போலப் பல மடங்கு. வேகத்தைக் குறைத்தால் பக்கத் தள்ளும் குறைவது இதனால்தான். போர்டோடு ஈசிஆரில் நான் 50-ஐத் தாண்டுவதில்லை, காற்று இருந்தால் 40.

சரி, எந்தப் பக்கம் மாட்டுவது? இடது பக்கம். ஆக்டிவா, ஸ்ப்ளெண்டர் இரண்டிலும் சைலன்சர் வலது பக்கம் இருக்கிறது. அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் ஃபோம் போர்டை வைத்தால் கால் வழுக்காமல் இருக்க மேலே தேய்த்த வேக்ஸ் உருகி வழியும், அப்புறம் உள்ளே இருக்கிற ஃபோமும் மேலே இருக்கிற ஃபைபரும் பிரிந்து கொப்புளம் போடும். இன்னொரு காரணம், நம்மை முந்துகிறவன் வலது பக்கமாகத்தான் வருவான். அந்தப் பக்கம் போர்டை நீட்டி வைக்கக் கூடாது.

ஆனால் இடது பக்கம் நம் ஊர் வண்டியில் காலியாக இல்லை. இதோ பாருங்கள், கேமராவைக் கீழே கொண்டுவருகிறேன். இது சேலை கார்டு. இது சைடு ஸ்டாண்டு. இது கியர். மூன்றும் இடது பக்கம். ஸ்கூட்டர் என்றால் கியர் தொல்லை இல்லை, கால் உள்ளே பலகை மேல் இருக்கும். கியர் வண்டியில் ரேக்கின் முன் கை உங்கள் பாதத்துக்குப் பின்னால் வர வேண்டும். கியர் போடும்போது கால் போர்டில் இடிக்கக் கூடாது. சிக்னலில் நிற்கும்போது இடது காலைத் தரையில் ஊன்றவும் இடம் வேண்டும். இதை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி வைத்து, போர்டை மாட்டி, காலைத் தூக்கி இறக்கிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இப்போது ஆன்லைனில் வருகிற ரேக்குகள் பெரும்பாலும் பாலி தீவின் ஸ்கூட்டர்களைப் பார்த்துச் செய்தவை. அங்கே சாங்கு, உலுவாத்து பக்கம் வாடகை ஸ்கூட்டரை ரேக்கோடு தருவார்கள். அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ரேக்கும் இடது பக்கம். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதே ரேக்கை வாங்கி இங்கே மாட்டுகிறார்கள். சாங்குவில் வண்டி போவது வயலுக்கும் விடுதிக்கும் நடுவில் இருக்கிற சந்துகளில். 30-ஐத் தாண்ட இடமே கிடையாது. போகிற தூரமும் கொஞ்சம்தான். திருவான்மியூரிலிருந்து கோவளம் வருவது அப்படி இல்லை. அகலமான ரோடு, உரசிப் போகிற பஸ், பக்கத்திலேயே கடல். ரேக் ஒன்றுதான், ரோடு வேறு.

என் ரேக்கை அக்கம்பக்கத்து வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கினேன். முக்கால் இஞ்ச் ஜிஐ பைப், வளைத்த இரண்டு கைகள். ஒன்று பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கிற பிராக்கெட்டில், இன்னொன்று சேலை கார்டு பிடிக்கிற போல்ட்டில். இரண்டுமே சேசிஸோடு பிடித்திருக்கின்றன. ஹேண்டிலோடு திரும்புகிற எதிலும் மாட்டவே கூடாது. பைப்பின் மேல் சுற்றியிருக்கிற கருப்பு ஃபோம், ஏசி மெக்கானிக் செம்பு பைப்புக்குச் சுற்றுகிறதுதான், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். நட்டு எல்லாம் நைலாக், உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு. சாதாரண நட்டு போட்டால் ஈசிஆரின் ஸ்பீடு பிரேக்கர்களிலேயே தளர்ந்துவிடும். வெல்டு வைத்த இடத்தை அடிக்கடி துடைத்துப் பாருங்கள். இந்த உப்புக் காற்றில் பெயிண்டுக்கு அடியில் துரு ஓடிக்கொண்டே இருக்கும், வெளியே தெரியும்போது பாதி பைப் போயிருக்கும்.

கட்டுவதற்கு இரண்டு பெல்ட். இழுத்து இறுக்குகிற ராட்செட் பெல்ட் வேண்டாம், அது போர்டின் விளிம்பை நசுக்கிவிடும். கையால் இழுக்கிற கேம் பக்கிள் போதும். பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் விர்ரென்று அதிராது. மிச்ச நுனியை முடிச்சுப் போட்டு உள்ளே செருகுங்கள், பின் சக்கரத்துக்குள் போனால் கதை முடிந்தது. அதனால்தான் காலில் கட்டுகிற லீஷையும் கழற்றிப் பையில் போட வேண்டும், அதை வைத்துப் போர்டைக் கட்டவும் கூடாது. பெல்ட் கிடைக்கவில்லையா? இங்கே மீனவ அண்ணன்கள் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஐஸ் பெட்டியையும் வலை மூட்டையையும் பழைய ட்யூபை நாடா நாடாவாக வெட்டித்தான் கட்டுகிறார்கள். ரப்பர் வழுக்காது, போர்டையும் நசுக்காது. நான் பெல்ட்டுக்கு மேல் அதையும் ஒரு சுற்று சுற்றிவிடுகிறேன்.

போர்டுக்கு அடியில் மீன் துடுப்பு மாதிரி இருக்கிற ஃபின்களைக் கழற்றிவிடுங்கள். ஃபின் மாட்டுகிற அமைப்பு எஃப்சிஎஸ் டூ என்றால் சாவி இல்லாமல் கையாலேயே வந்துவிடும். ஃபியூச்சர்ஸ் என்றால் சின்ன ஆலன் கீ வேண்டும், அதை வண்டிச் சாவியோடு கோத்து வையுங்கள். ஃபின் இல்லாத போர்டு யார் முழங்காலையும் கிழிக்காது.

நீளத்துக்கு வருவோம். ஆறடி என்றால் 183 சென்டிமீட்டர். ஆக்டிவாவின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஸ்ப்ளெண்டர் இரண்டு மீட்டர். அதனால் ஆறடிப் போர்டு இரண்டிலும், ஆறரை அடிப் போர்டு ஸ்ப்ளெண்டரிலும் வண்டியோடு வண்டியாக அடங்கிவிடும். வால் கொஞ்சம் வெளியே நீண்டால், கம்பி லாரியில் கட்டுகிற மாதிரி சிவப்புத் துணி ஒன்று கட்டுங்கள். இண்டிகேட்டரும் நம்பர் பிளேட்டும் மறையக் கூடாது. அகலத்துக்கு நான் வைத்திருக்கிற அளவு: போர்டு ஹேண்டில் நுனியைத் தாண்டி வெளியே வரக் கூடாது. ஹேண்டில் நுழைகிற இடத்தில் போர்டும் நுழையும்.

எட்டடி, ஒன்பதடிப் போர்டை பைக்கில் கொண்டுவராதீர்கள். புதிதாகக் கற்கிறவர்கள் எல்லோரும் வாங்குவது மேற்பரப்பு மெத்தென்று இருக்கிற எட்டடி சாஃப்ட் டாப்தான் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். 244 சென்டிமீட்டர் போர்டு முன்னாலும் பின்னாலும் நீட்டிக்கொண்டு, காற்றுக்கு ஒரு சதுர மீட்டருக்கு மேல் காட்டும். அதை கோவளத்திலேயே வைக்க இடம் கேட்டுப் பாருங்கள், இங்கே சர்ஃப் பள்ளிகள் இருக்கின்றன. இல்லை என்றால் நாலு பேர் சேர்ந்து ஒரு ஆட்டோ. இலங்கையில் அறுகம்பை, வெலிகம பக்கமெல்லாம் ஆட்டோக் கூரையில் ஃபோம் சுற்றிய இரண்டு கம்பி மாட்டி, மூன்று நான்கு போர்டை அடுக்கிக்கொண்டு போகிறார்கள்.

பின்னால் உட்கார்ந்தவர் போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவதையும் இங்கே பார்க்கிறேன். தயவுசெய்து அது வேண்டாம். ஒரு காற்று வந்தால் போர்டு அவரைத் திருப்பும், அவர் வண்டியைத் திருப்புவார். முதுகில் மாட்டிக்கொள்கிற பையும் அப்படித்தான், விழுந்தால் அந்தப் பலகை கழுத்தில்தான் நெம்பும்.

இனி ரோட்டுக்கு வருவோம். சென்னையிலிருந்து தெற்கே வரும்போது கடல் நமக்கு இடது பக்கம், போர்டும் இடது பக்கம். விடியற்காலையில் தரைப்பக்கத்திலிருந்து வருகிற காற்று, அதுவும் லேசாக. நம் உடம்பே போர்டுக்கு மறைப்பு. அதனால் அஞ்சரை மணிக்குக் கிளம்புகிறவனுக்கு ஒரு தொல்லையும் இல்லை. பகல் பதினொன்று, பன்னிரண்டுக்கு மேல் கடல்காற்று ஏறிவிடும். அந்த நேரத்தில் தெற்கே வந்தால் காற்று நேராகப் போர்டில் அடித்து, வண்டியை ரோட்டின் நடுப்பக்கம் தள்ளும். பஸ் போகிற பக்கம். திரும்பி வடக்கே போகிறவனுக்கு அதே காற்று வலது பக்கம், ஓரத்துக்குத் தள்ளும். ஓரத்தில் மணல் கிடக்கும், அங்கே பிரேக்கைத் தொடாதீர்கள்.

ஆடி மாதம் மட்டும் இது தலைகீழ். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த மேற்குக் காற்று காலையிலேயே எழுந்துவிடும். தெற்கிலிருந்து நல்ல அலை வருகிற காலமும் அதுதான், அதனால் கூட்டமும் அப்போதுதான் வரும். வரும்போது ஒன்றும் தெரியாது. அலையாடிவிட்டு, கை சோர்ந்து ஒன்பது மணிக்குத் திரும்பும்போது, மேற்கு இடது பக்கம் ஆகிவிடும். போர்டில் முழுக் காற்று. ஆடியில் நான் திரும்புகிற வேகம் 40-க்குக் கீழேதான்.

முட்டுக்காடு பாலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதுவரை மதிலும் மரமும் வீடும் காற்றை மறைத்துக்கொண்டே வரும். பாலத்தில் ஏறியதும் ஒரு பக்கம் கழிமுகம், ஒரு பக்கம் காயல், மறைப்பே கிடையாது. பாலத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பின்னால் யாரும் ஒட்டி வரவில்லை என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு ஏறுங்கள். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள், முழங்காலால் டேங்கைப் பிடியுங்கள். பஸ் முந்தும்போதும் இதேதான். முதலில் வெளியே தள்ளும், கடந்ததும் உள்ளே இழுக்கும். அந்த இழுப்புக்கு இரண்டாவது நொடியில் தயாராக இருங்கள்.

வந்து சேர்ந்து ஸ்டாண்டு போட்டதும், முதல் வேலையாகப் போர்டை இறக்கிவிட்டுப் போங்கள். போர்டோடு சைடு ஸ்டாண்டில் விட்டால், இடது பக்கமிருந்து அடிக்கிற ஒரு காற்று வண்டியை வலது பக்கம் சாய்த்துவிடும். போர்டை வெயிலிலும் வைக்காதீர்கள், தென்னை நிழல் இங்கே நிறைய இருக்கிறது.

இவ்வளவுதான். பட்டறையில் காட்டுவதற்கு ரேக்கின் அளவுகளைக் காகிதத்தில் வரைந்து வைத்திருக்கிறேன், இப்போது திரையில் காட்டுகிறேன், நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இது ஸ்ப்ளெண்டருக்கான அளவு. புல்லட், பல்சர் வைத்திருப்பவர்கள் உங்கள் வண்டியின் இடது பக்கத்தை, சேலை கார்டு போல்ட் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் அதற்குப் பார்ப்போம்.