சும்மா நிற்கும் இயந்திரத்தின் கணக்கு

(பின்னலாடை உற்பத்தியாளர்களும் பொறியியல் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

திருப்பூரில் எந்தச் சாயப்பட்டறைக்குள் நுழைந்தாலும், முதலாளியின் கண் முதலில் போய் நிற்பது ஓடாமல் இருக்கும் இயந்திரத்தின் மேல்தான். "இது ஏன் சும்மா நிற்கிறது?" என்று அவர் கேட்கிறார். வங்கிக் கடனில் வாங்கிய இயந்திரம். அது நின்றாலும் வட்டி நிற்பதில்லை. ஆகவே அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால், பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஆலைகளின் அட்டவணைகளோடு மல்லுக்கட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்: நான் பார்த்த ஷிப்மென்ட் தாமதங்களில் பல, எந்த இயந்திரமும் ஒரு மணி நேரம்கூட நிற்கக்கூடாது என்று திட்டம் போட்டதன் விளைவாக வந்தவை. இது எப்படி நேர்கிறது என்பதை விளக்குவதற்கே உகப்பாக்கம் (இருக்கும் வசதிகளுக்குள் மிகச் சிறந்த விடையைக் கணிதத்தால் தேடுவது), சிமுலேஷன் (ஆலையின் ஓட்டத்தைக் கணினியில் போலியாக நடத்திப் பார்ப்பது) என்ற இரண்டு கருவிகளைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

ஒரு பனியன் ஆர்டர் கடந்து போகும் பாதை உங்களுக்குத் தெரியாததல்ல. நூல் வந்து, நிட்டிங் முடிந்து, சாயமேறி, காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி சீராக்குவது) ஆகி, கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று போகிறது. இவற்றில் பாதிக்கு மேல் வெவ்வேறு கம்பெனிகளில் ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குச் செய்து தரும் வேலையாக நடக்கின்றன. எங்கோ ஓரிடத்தில் இரண்டு நாள் தவறினால், கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போகிறது. அந்தச் செலவு பெரும்பாலும் ஏற்றுமதியாளரின் தலையில் விழுகிறது. இந்தப் பாதையில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. எந்தச் சரக்கை எவ்வளவு செய்வது என்பது ஒன்று. எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்பது மற்றொன்று. முதலாவது திட்டமிடல், இரண்டாவது அட்டவணையிடல். இரண்டையும் ஒரே ஆள் ஒரே எக்செல் தாளில் செய்வதால், நாமும் அவற்றை ஒன்றென்றே நினைத்துவிடுகிறோம்.

முதல் கேள்விக்கான கணிதம் பிறந்த இடம் லெனின்கிராடு. ஒட்டுப்பலகை தயாரிக்கும் அமைப்பு ஒன்று, தன் இயந்திரங்களுக்கு மூலப்பொருட்களை எப்படிப் பங்கிட்டால் உற்பத்தி அதிகமாகும் என்ற கேள்வியோடு லியோனித் கண்டரோவிச் என்ற இளம் கணிதப் பேராசிரியரிடம் வந்தது. அதற்கு விடை தேடிப் போனவர் 1939-ல் ஒரு சிறு நூலாக வெளியிட்டதுதான், இருக்கும் வளங்களை மிகச் சிறப்பாகப் பங்கிடும் கணிதமான நேரியல் திட்டமிடலின் தொடக்கம். அமெரிக்காவில் ஜார்ஜ் டான்ட்சிக் 1947-ல் தனியாக அதே இடத்துக்கு வந்து, அத்தகைய கணக்குகளுக்கு விடை காணும் சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டார். கண்டரோவிச்சுக்கு 1975-ல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஒட்டுப்பலகையில் தொடங்கி நோபல் வரை போனவர் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கண்டரோவிச்சின் கணக்கில், எவ்வளவு செய்வது என்ற விடையோடு இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. ஒவ்வொரு தட்டுப்பாட்டுக்கும் ஒரு மதிப்பு கிடைக்கிறது. அந்தத் தட்டுப்பாடு ஓர் அலகு தளர்ந்தால் லாபம் எவ்வளவு கூடும் என்பதே அது. இதை நிழல் விலை என்கிறோம். நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். நொய்யல் ஆறு மாசடைந்த வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு, கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியே போகாமல் சுத்திகரித்து மீட்கும் ஏற்பாடு உள்ள பட்டறைகளே ஓட முடிந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்த பட்டறைக்கு, நாளொன்றுக்கு இத்தனை லிட்டர் என்ற ஒதுக்கீடு இருக்கிறது. அடர்நிறத்துக்கு உப்பும் அதிகம், அலசலும் அதிகம், வெளிர்நிறத்துக்குக் குறைவு. இந்த ஒதுக்கீட்டையும் ஒரு தட்டுப்பாடாக எழுதிக் கணக்கிட்டால், பல நாட்களில் இயந்திரத்தின் நிழல் விலை பூஜ்யமாக வருவதைப் பார்க்கலாம். தண்ணீர் ஒதுக்கீடு முன்பே தீர்ந்துவிடுகிறது என்பது அதன் பொருள். அத்தகைய பட்டறையில் கடன் வாங்கிப் புதிதாக ஒரு சாய இயந்திரத்தை இறக்கினால் உற்பத்தி ஒரு கிலோகூட ஏறாது. சும்மா நிற்கும் இயந்திரங்களின் எண்ணிக்கைதான் ஒன்று கூடும். முதலாளியின் கேள்விக்கு முதல் பதில் இங்கேயே கிடைத்துவிடுகிறது: அந்த இயந்திரம் நிற்பதற்குக் காரணம் ஆபரேட்டரும் அல்ல, சூப்பர்வைசரும் அல்ல.

இனி இரண்டாவது கேள்வி, வரிசை. நான்கு ஆர்டர்கள் முதலில் பிரிண்டிங்கும் பிறகு தையலும் ஆக வேண்டும் என்று கொள்வோம். முதல் ஆர்டருக்குப் பிரிண்டிங் 6 மணி, தையல் 3 மணி. இரண்டாவதற்கு 2-ம் 7-ம். மூன்றாவதற்கு 8-ம் 5-ம். நான்காவதற்கு 4-ம் 8-ம். வந்த வரிசையிலேயே ஏற்றினால் கடைசித் தையல் முடிய 29 மணி நேரம் ஆகிறது. 1954-ல் எஸ்.எம். ஜான்சன் இதற்கு ஓர் எளிய விதியைத் தந்தார். எல்லா நேரங்களிலும் மிகச் சிறியது எது என்று பாருங்கள். அது முதல் கட்டத்தில் இருந்தால் அந்த ஆர்டரை வரிசையின் முன்னால் வையுங்கள். இரண்டாம் கட்டத்தில் இருந்தால் பின்னால் வையுங்கள். அதை நீக்கிவிட்டு மீதியில் அதையே திரும்பச் செய்யுங்கள். இங்கே இரண்டாவது, நான்காவது, மூன்றாவது, முதலாவது என்ற வரிசை வருகிறது. 25 மணி நேரத்தில் எல்லாம் முடிகிறது. இதைவிடக் குறைக்கவே முடியாது; ஏனென்றால் தையலின் மொத்த வேலையே 23 மணி, அது தொடங்குவதற்கு முன் குறைந்தது 2 மணி பிரிண்டிங் ஆகித்தான் தீர வேண்டும். ஆள் கூடவில்லை, இயந்திரம் கூடவில்லை, நான்கு மணி நேரம் மிச்சம்.

இந்த எளிமை இரண்டு கட்டங்களோடு நின்றுவிடுகிறது. கட்டங்கள் மூன்றானால், எல்லாச் சமயத்திலும் விரைவாகச் சிறந்த விடை தரும் விதி எதுவும் இன்று வரை இல்லை. அது கணினியியலில் மிகக் கடினமான சிக்கல்களின் கூட்டத்தைச் சேர்ந்தது என்று 1976-ல் நிறுவிக் காட்டினார்கள். பத்து வேலைகள், பத்து இயந்திரங்கள் கொண்ட ஒரு பயிற்சிக் கணக்கு 1963-ல் அச்சானது. இதில் எல்லா வேலைகளும் முடிய ஆகும் மிகக் குறைந்த நேரம் 930 அலகுகள் என்று ஐயமறக் காட்ட 1989 வரை, அதாவது இருபத்தாறு ஆண்டுகள் ஆயின. அந்தக் கணக்கு இந்த அரங்கத்தின் கரும்பலகையில் அடங்கிவிடும் அளவுதான்.

சாயப்பட்டறை வரிசை இதைவிடச் சிடுக்கானது. கருப்பு ஏற்றிய இயந்திரத்தில் அடுத்து வெளிர்நிறம் ஏற்ற வேண்டுமானால், காஸ்டிக், ஹைட்ரோஸ் என்ற ரசாயனங்களைப் போட்டுக் கொதிக்கவிட்டுக் கழுவ வேண்டும். வெளிரிலிருந்து அடர்நிறத்துக்குப் போனால் அந்தக் கழுவல் பெரும்பாலும் தேவையில்லை. எனவே ஒரு லாட்டுக்கு, அதாவது ஒன்றாகச் சாயமேற்றும் ஒரு தொகுதித் துணிக்கு, ஆகும் நேரம், அதற்கு முன்னால் எது ஓடியது என்பதைப் பொறுத்தது. பதினைந்து லாட்டுகளை வரிசைப்படுத்த ஏறத்தாழ 1.3 லட்சம் கோடி வழிகள் இருக்கின்றன. மென்பொருள் இவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பதில்லை. 1960-ல் லண்டனில் ஐல்சா லாண்ட், ஆலிசன் டாய்க் என்ற இரு பெண்கள் வெளியிட்ட முறைப்படி, எந்தக் கிளையில் போனாலும் கையிலிருக்கும் விடையை மிஞ்ச முடியாது என்று தெரிந்தவுடன் அந்தக் கிளையை அடியோடு வெட்டிவிடுகிறது. அனுபவமுள்ள டையிங் மாஸ்டர் மனத்துக்குள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். மாலை ஐந்து மணிக்கு மூன்று பையர்கள் ஒரே நேரத்தில் போனில் கத்தும்போது மட்டும் அது அவருக்குக் கைகூடுவதில்லை.

இங்கே நம் முதலாளியின் கேள்விக்கு இரண்டாவது பதில் வருகிறது. பெல் ஆய்வகத்தில் இருந்த ரொனால்ட் கிரஹாம், 1960-களில் ஒரு விசித்திரத்தைக் காட்டினார். ஒன்பது வேலைகள், மூன்று இயந்திரங்கள். சில வேலைகள், வேறொரு வேலை முடிந்த பிறகே தயாராகும். எந்த இயந்திரம் காலியானாலும், பட்டியலில் அடுத்துத் தயாராக உள்ள வேலையை உடனே ஏற்றிவிட வேண்டும் என்பது விதி. இயந்திரத்தைச் சும்மா விடாதே என்று நாம் சொல்லும் அதே விதிதான். எல்லாம் 12 மணியில் முடிகிறது. நான்காவதாக ஓர் இயந்திரம் சேர்த்தால் 15 மணி ஆகிறது! சிறு வேலைகள் முன்கூட்டியே தயாராகிவிடுகின்றன. 9 மணி நேரம் பிடிக்கும் பெரிய வேலை தயாராகும்போது, காலியான இயந்திரத்தைப் பட்டியலில் அதற்கு முன்னால் இருந்த 4 மணி நேர வேலை பிடித்துக்கொள்கிறது. பெரிய வேலை 6-வது மணியில்தான் தொடங்குகிறது. வேலைகளின் நேரத்தை ஆளுக்கொரு மணி குறைத்தாலும் 12 என்பது 13 ஆகிறதே தவிர, குறையவில்லை. புது இயந்திரம் வாங்கிய மாதத்தில் டெலிவரி இன்னும் தள்ளிப்போனதாக யாராவது சொன்னால் நான் சிரிப்பதில்லை.

இதுவரை பேசியதெல்லாம், எழுதிய நேரத்தில் எழுதியபடி எல்லாம் நடக்கும் உலகத்தின் கணக்கு. உண்மையில் நூல் லாரி தாமதமாகிறது; ஷேட் (நிறத்தின் சாயல்) ஒத்துவராமல் லாட் மறுபடி சாயத்துக்குப் போகிறது; தீபாவளிக்கு ஊருக்குப் போன தையல்காரர்கள் பத்து நாள் கழித்து வருகிறார்கள். வரவும் வேலை நேரமும் ஒழுங்கின்றி இருந்தால், இயந்திரத்தின் நேரத்தில் 80 சதவீதம் வேலையால் நிரம்பியிருக்கும்போது ஒரு லாட் சராசரியாக நான்கு லாட் நேரம் காத்திருக்கும். 90 சதவீதத்தில் அது ஒன்பது ஆகிறது, 95-ல் பத்தொன்பது, 98-ல் நாற்பத்தொன்பது. லாட்டுக்கு 8 மணி என்றால், 80 சதவீதத்தில் 32 மணி நேரக் காத்திருப்பு, 95 சதவீதத்தில் 152 மணி நேரம், அதாவது ஆறு நாளுக்கு மேல். கடைசிப் பதினைந்து சதவீதத்தைப் பிழிந்தெடுப்பதற்கு நாம் கொடுக்கும் விலை ஐந்து நாள். 1961-ல் ஜான் கிங்மன் தந்த சூத்திரம் இன்னொரு வழியையும் காட்டுகிறது: ஏற்ற இறக்கத்தைக் குறைத்தால், சுமையைக் குறைக்காமலேயே காத்திருப்பு குறையும். முதல் தடவையிலேயே ஷேட் சரியாக வருவது தரப் பிரிவின் சாதனை மட்டுமன்று. அது டெலிவரி தேதியின் காவலும் ஆகும்.

இந்தச் சூத்திரங்கள் ஓர் இயந்திரத்துக்குப் பொருந்தும். ஐம்பது இயந்திரங்களும் பத்துக் கட்டங்களும் பின்னிக் கிடக்கும்போது அவற்றால் இயலாது. அங்கேதான் சிமுலேஷன் வருகிறது. ஆலையைக் கணினிக்குள் கட்டி, லாட்டுகளை ஓடவிட்டு, பழுதும் தாமதமும் நம் பதிவேட்டில் உள்ள அளவுக்கே தற்செயலாக நேரும்படி செய்து, ஒரே மாதத்தை நூறு முறை, இருநூறு முறை நடத்திப் பார்ப்பது. நாடகத்துக்கு முன் ஒத்திகை பார்ப்பதைப் போல என்று கொள்ளலாம். 1950-களின் இறுதியில் கே.டி. டோக்கர், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து எஃகு நிறுவனத்துக்காக இதைச் செய்யும் பொது நிரல் ஒன்றை எழுதினார்.

கணினி இல்லாமலும் இதை உணரலாம். வகுப்பறைகளில் வழக்கமாக நடத்தும் பயிற்சி ஒன்று இருக்கிறது. ஐந்து பேரை வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கொரு பகடை கொடுங்கள். பகடையில் விழும் எண்ணுக்கேற்ப, தன் முன்னால் உள்ள தீக்குச்சிகளை அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். பகடையின் சராசரி மூன்றரை. எனவே கடைசி ஆளிடம் சுற்றுக்கு மூன்றரை குச்சி வர வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். வருவது அதைவிடக் குறைவு. ஆறு விழுந்தவர் முன்னால் இரண்டு குச்சிதான் இருந்தால் இரண்டைத்தான் தள்ள முடியும்; முன்னவரின் குறைவு அப்படியே கீழே இறங்குகிறது, மிகுதி மட்டும் இடையில் குவிந்து நிற்கிறது. கட்டிங் முடிந்த துணி கட்டுக்கட்டாகக் கிடக்க, பேக்கிங் பிரிவு அட்டைப்பெட்டியை மடித்து வைத்துக் காத்திருக்கும் காட்சி இதுவே.

இரண்டு கருவிகளையும் சேர்க்கும் முறைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலையில் அட்டவணை மென்பொருள் ஒன்றை நிறுவ நானும் உடனிருந்தேன். திங்கட்கிழமை அது தந்த அட்டவணை, கண்ணாடிபோல் பளபளத்தது. ஒவ்வொரு இயந்திரமும் இடைவெளியின்றி நிரம்பியிருந்தது. புதன்கிழமை மதியம் அதைச் சுவரிலிருந்து யாரோ கழற்றிவிட்டார்கள். ஒரே ஒரு லாட் மறுசாயத்துக்குப் போனதில் பின்னால் இருந்த அத்தனையும் தள்ளிப்போயிருந்தன. தவறு என்னுடையதும்தான்: உகப்பாக்கத்துக்குக் கொடுத்த எண்களை அது அப்படியே நம்பும் என்று தெரிந்தும், சராசரி நேரத்தை மட்டும் கொடுத்திருந்தேன்.

பிறகு வேறு வழியில் போனோம். உகப்பாக்கம் தந்த வரிசையைச் சிமுலேஷனில் இருநூறு முறை ஓட்டினோம். எந்த ஆர்டர்கள் அடிக்கடி தேதி தவறுகின்றன, அவற்றின் தாமதம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தோம். எல்லாம் இரண்டே இடங்களில்தான் தொடங்கின. அந்த இரண்டு இடங்களிலும் மட்டும், நாளுக்குச் சில மணி நேரத்தைத் திட்டமிட்டே காலியாக விடும்படி எழுதி, மறுபடி உகப்பாக்கத்தை ஓட்டினோம், மறுபடி ஒத்திகை. மூன்றாவது சுற்றில், காகிதத்தில் பார்க்க முன்னதைவிட மோசமான, ஆனால் சனிக்கிழமை வரை சுவரில் தங்கிய ஓர் அட்டவணை கிடைத்தது. கூடவே, அடுத்த இரண்டு நாள் வேலையை யாரும் தொடக்கூடாது என்றும், அதற்குப் பிந்தையதை ஒவ்வோர் இரவும் புதிதாகக் கணக்கிடலாம் என்றும் ஓர் ஏற்பாடு செய்தோம். இந்த இரண்டு நாள் பூட்டுதான் மென்பொருளைவிட அதிகச் சண்டையைக் கிளப்பியது. பையர்களின் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மென்பொருளுக்கு எவ்வளவு ஆகும் என்று இடைவேளையில் சிலர் கேட்டீர்கள். இலவசமாகக் கிடைக்கும் நிரல்களே ஓர் நடுத்தர ஆலைக்குப் போதும். தடையாக இருப்பது பெரும்பாலும் தரவுதான். சூப்பர்வைசர் ரிப்போர்ட்டில் எழுதும் நேரம், நடந்த நேரமாக இராமல், நடந்திருக்க வேண்டிய நேரமாகவே இருக்கிறது. ஆகையால் நாளை முதல் ஒவ்வொரு லாட்டுக்கும் மூன்று நேரங்களை எழுதிவையுங்கள்: இயந்திரத்தின் முன் வந்து நின்றது எப்போது, ஏறியது எப்போது, இறங்கியது எப்போது. மறுசாயம் ஆனால் அதைப் புது லாட்டாக எழுதாமல், பழைய எண்ணின் கீழேயே எழுதுங்கள். இரண்டு மாதப் பதிவு சேர்ந்ததும், சென்ற மாத ஆர்டர்களைச் சிமுலேஷனில் ஓட்டி, அது சொல்லும் தேதிகளையும் சரக்கு உண்மையில் போன தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவை ஒத்துப்போகும் வரை அந்த மாதிரியை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்; ஒத்துப்போன பிறகு, எந்த இயந்திரத்தை எத்தனை மணி நேரம் சும்மா விடலாம் என்று அதனிடமே கேட்கலாம்.